இசக்கிமுத்து சலூனில் சண்முகக்கனி

மேலச்சுனையில் சண்முகக்கனியின் பிம்பம் அவள் வீட்டுப் பீரோக் கண்ணாடியை விட்டுக் கிளம்பி, நாலு தெரு தாண்டி, இசக்கிமுத்துவின் சலூன் கண்ணாடியில் போய் உட்கார்ந்துகொண்ட கதையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் ‘அதெப்படி?’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலேயே அவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பது தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் எங்கள் ஊரில் அன்றைக்கு யாரும் அப்படிக் கேட்கவில்லை, ‘சாப்பிட்டாளா?’ என்றுதான் கேட்டோம்.

மேலச்சுனை சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிற எலுமிச்சை ஊர். காலையில் லாரிகள் வந்து நிற்கும், பழம் கொட்டும், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ரகம் பிரிப்பார்கள், உச்சிவெயில் ஏறுவதற்குள் மண்டி காலியாகி வாசம் மட்டும் மிஞ்சும். அந்தப் பெண்களில் சண்முகக்கனிக்கு நிகராக ஒருத்தி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இது கேரளாவுக்கு, இது ஊறுகாய்க்கு, இது சாமிக்கு என்று மூன்று கூடையில் பிரித்துப் போட்டுவிடுவாள், ஒரு பழம் கூடை மாறி விழுந்ததை யாரும் பார்த்ததில்லை. நான் முப்பது வருசம் இந்த ஊரில் தபால் கொடுத்தவன், பிச்சையா என்று பேர். ஊரில் யாருக்கு என்ன வரும், யாருக்கு என்ன வராது என்று எனக்குத் தெரியும், கனிக்கு வந்த அந்தக் கை இன்னொருத்திக்கு வராது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் முப்பத்தெட்டு வயதில் மனசு இறங்கிப்போனது. சுவரைப் பார்த்துப் படுத்தாள், படுத்தவள் படுத்தவள்தான். நாங்கள் சோம்பல் என்றோம், பிறகு செய்வினை என்றோம், பிறகு புருசன் தங்கப்பாண்டி லாரி ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கேரளாவில் கிடப்பதால் வந்த ஏக்கம் என்றோம், இப்படி ஊர் தன் வாய்க்கு வந்த பேரையெல்லாம் வைத்துப் பார்த்து முடிப்பதற்கு ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதற்கப்புறம்தான் தங்கப்பாண்டி அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான், டாக்டர் அதற்கு மனச்சோர்வு என்று சரியான பேரைச் சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எட்டு மாசத்தில் கனி எழுந்தாள், குளித்தாள், தலை காயவைத்தாள், வாரத்தில் ரெண்டு நாள் மண்டிக்கும் வந்தாள், ஆனால் பேச்சுக் கொடுத்தால் சிரிக்க மறந்துவிடுவாள். அந்த நிலைமையில், போன மாசி மாசத்தில் ஒருநாள் காலை, பொட்டு வைக்கப் பீரோ முன்னால் போய் நின்றால் கண்ணாடியில் கட்டில் இருக்கிறது, கொடியில் போட்ட துண்டு இருக்கிறது, கனி மட்டும் இல்லை.

அவள் கத்தவில்லை. பொட்டைக் குத்துமதிப்பாக நெற்றியில் ஒட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டாள். நாலாம் நாள் கேரளாவிலிருந்து திரும்பிய தங்கப்பாண்டி சவரம் பண்ண இசக்கிமுத்துவின் சலூனுக்குப் போனான், முகத்தில் நுரையோடு தலை நிமிர்ந்தவன் கண்ணாடியில் தன் பின்னால் இருக்கிற பெஞ்சைப் பார்த்தான், பெஞ்சின் சுவரோர மூலையில் அவன் பெண்டாட்டி சாயம்போன அரக்கு நைட்டியும் தோளில் துண்டுமாக, தலை விரிந்து, குனிந்து உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் பெஞ்சு காலி. மறுபடி கண்ணாடியைப் பார்த்தால் இருக்கிறாள்.

“எப்ப வந்தா?” என்று கேட்டான் தங்கப்பாண்டி.

“திங்கக்கெழம கட தெறக்கையிலயே இருந்தாவ,” என்றார் இசக்கிமுத்து. “ஒங்களுக்குச் சொல்லி அனுப்பத்தான் நெனச்சேன். போன் கெடைக்கல.”

அன்றிலிருந்து அந்தச் சலூன் மாறிப்போனது. முதலில் இசக்கிமுத்து மரியாதைக்காகக் கண்ணாடியின் அந்த மூலையில் ஒரு துண்டைத் தொங்கவிட்டார், மத்தியானம் போல அவருக்கே மூச்சு முட்டி எடுத்துவிட்டார். ஆண்கள் தாமாகவே கால்களை ஒடுக்கி உட்கார்ந்தார்கள், கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனது, பவுடரை அந்தப் பக்கம் தட்டுவதில்லை, டிவியில் குத்துப்பாட்டு வந்தால் யாராவது எழுந்து செய்தி வைத்தார்கள். பெஞ்சில் அந்த மூலை இடத்தில் யாரும் உட்காருவதில்லை, உட்கார்ந்தால் கண்ணாடியில் கனியின் மடியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும் என்பதால், விஷயம் தெரியாத வெளியூர் ஆள் போனால் ரெண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் “அண்ணாச்சி, அங்கன ஆள் இருக்கு” என்று எழுப்பிவிடுவார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஒரு வேட்பாளர் கடையில் இருந்த அத்தனை பேரையும் கும்பிட்டுவிட்டுக் கண்ணாடியையும் தனியாகக் கும்பிட்டார், கனிக்கு ஓட்டு வேறு வார்டில் என்பது பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

ஊர்ப் பெண்கள் சும்மா இருப்பார்களா? அது ஆண்கள் கடை, பெண்கள் உள்ளே போக முடியாது என்பதால் வாசலில் நின்று, கண்ணாடியைப் பார்த்து, கனிக்குப் புத்தி சொன்னார்கள். “ஏட்டி, ஒனக்கு என்ன கொற, எந்திச்சு வாட்டி,” என்றார்கள். “ஊருல கஷ்டமில்லாதவ யாரு,” என்றார்கள். “மனச தைரியமா வச்சுக்கோ,” என்றார்கள். ஒவ்வொரு புத்திமதிக்கும் கண்ணாடியில் இருந்தவளின் தலை ஒரு விரல்கடை கீழே போனது. இசக்கிமுத்து அதைக் கவனித்துக் கண்ணாடியின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுவந்தார், பதினோராவது கோட்டில் பொறுமை போய், ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்று கடையில் வெகுநாளாகத் தொங்கிய போர்டை இறக்கி, அதன் கீழே ‘அறிவுரையும் கூறக் கூடாது’ என்று பெயிண்டால் எழுதி வாசலிலேயே மாட்டினார். அந்த ஒரு வரிக்காக அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம். நானே என் பங்குக்கு ஒரு நல்ல அறிவுரையைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன், போர்டைப் பார்த்ததும் முடி மட்டும் வெட்டிக்கொண்டு திரும்பினேன்.

இதையெல்லாம் கனி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அவள் கவலை வேறு. அவளுக்கு ஒரே மகள், தர்ஷினி, ஆறாம் வகுப்பு. கண்ணாடியில் ஆள் மறைந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டதற்கு ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொன்னது, பரீட்சை முடிந்த மறுநாள் தானாகப் பையைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலில் இருக்கிற அத்தை பொன்னுத்தாய் வீட்டுக்குப் போய்விட்டது, இனி வர மாட்டேன், அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள் என்றது. ஏன் என்று யார் கேட்டும் சொல்லவில்லை. பொன்னுத்தாய் கெட்டவள் இல்லை, தம்பி மகளை உள்ளங்கையில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டாள். அதனால்தான் ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் டி.சி. வாங்கிக் கொடுத்துவிடச் சொன்னாள்.

“கண்ணாடில இல்லாத அம்மாவப் பாத்தாப் புள்ளைக்குப் பயமா இருக்காதா?” என்றாள் கனி தங்கப்பாண்டியிடம். “அவ வீட்டுக்கு வந்தாத்தான் இவ வருவா.” முதல் ‘அவ’ சலூனில் இருந்தவள். ஊரும் அப்படித்தான் நினைத்தது. பிம்பம் திரும்பினால் பிள்ளை திரும்பும், ஜூனுக்குள் இது நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கனி மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள், அந்தத் தடவை எழுந்திருப்பாளா என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தச் சித்திரையில்தான் பெர்னதெத் சிஸ்டர் மதுரையில் ஒரு பயிற்சி முடித்துக்கொண்டு எங்கள் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மனச்சோர்விலிருந்து தேறி வருகிறவர்களுக்கு, அது திரும்ப வராமல் இருக்க, வாரம் ஒரு நாள் வீதம் எட்டு வாரம் ஒரு வகுப்பு. அதற்குக் கவனப் பயிற்சி என்று பேர், ஊர் அதற்கு ‘சும்மா உக்காருற கிளாஸ்’ என்று பேர் வைத்தது. ஒன்பது பேர் சேர்ந்தார்கள். துணிக்கடை மீரான் பாய் ஒருத்தர், சண்முகக்கனி ஒருத்தி, நான் ஒருத்தன். ஆமாம், நானும்தான், அதை ஊரில் சொல்வதற்கே எனக்கு எட்டு வாரம் ஆனது. ரிட்டயரான பிறகு எனக்குக் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் போய், அது முற்றி, மாத்திரை வரைக்கும் வந்திருந்தது. மாத்திரையில் தேறியபின்னும் கண்ணாடியில் மட்டும் நான் இன்னும் காக்கிச் சட்டையோடுதான் தெரிந்துகொண்டிருந்தேன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாலும் காக்கிதான். மீரான் பாய் கண்ணாடியில் ஒரு சாண் குட்டையாகிப் போயிருந்தார்.

ஆஸ்பத்திரியில் நடந்த அறிமுக வகுப்பில் சிஸ்டர் ஆளுக்கு ஒரு உலர் திராட்சையை உள்ளங்கையில் வைத்தார். அதைப் பார்க்க வேண்டும், தடவ வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், பிறகு மெதுவாக நாக்கில் வைக்க வேண்டும், கவனம் என்றால் என்ன என்று அதில் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் ஒன்பது பேரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டு விழுங்கியிருந்தோம். உள்ளங்கையில் ஒன்றை வைத்தால் எங்கள் ஊரில் அது பிரசாதம்தான். மீரான் பாய்கூடப் பிஸ்மில்லா சொல்லி விழுங்கிவிட்டார். சிஸ்டர் ஒரு நிமிசம் எங்களைப் பார்த்தார், கோபப்படாமல் மறுபடி ஒவ்வொன்று வைத்தார், “இது சாமி குடுத்ததில்ல, மளிகைக்கடையில வாங்குனது, பைய சாப்பிடுங்க,” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது.

அன்றைக்கே ஒவ்வொருவரிடமும் கண்ணாடியில் உங்களைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டார். கனி, “ஒண்ணும் தோணல சிஸ்டர், ஆளே இல்ல,” என்றாள். சிஸ்டர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார், அந்தப் பிம்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரித்தார், சாயங்காலம் நேரே சலூனுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து வணக்கம் சொன்னார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. இசக்கிமுத்துவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கட என்னைக்கு லீவு?”

“செவ்வாக்கெழம, சிஸ்டர்.”

“அப்ப செவ்வாக்கெழம எங்க கிளாஸ இங்க வச்சுக்கிடலாமா?”

செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கத்தில் யாரும் முடி வெட்ட மாட்டார்கள், சலூன் கதவே திறக்காது, திறந்தால் முடிதிருத்துவோர் சங்கத்தில் கேள்வி வரும். இசக்கிமுத்து ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, “கத்திரியத் தொட மாட்டேன், கதவ மட்டும் தெறப்பேன்,” என்று சங்கச் செயலாளரிடம் போய்ச் சொன்னார். செயலாளர் நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்று வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், எல்லோரும் கண்ணை மூடும்போது தானும் மூடினார், கால் மணி நேரத்தில் நன்றாகக் குறட்டை விட்டார், எழுந்தபோது சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை என்றார். இசக்கிமுத்து திங்கள் இரவே கடையைப் பினாயில் போட்டுக் கழுவி, சுவரில் இருந்த நடிகை படங்களைத் திருப்பி வைத்து, ஊதுபத்தி வேண்டாம் சிஸ்டர் தும்முவார் என்று அதையும் யோசித்து வைத்திருந்தார். இப்படியாக எங்கள் ஊர் சரித்திரத்தில் முதல்தடவையாக ஆண்கள் சலூனுக்குள் பெண்கள் நுழைந்து உட்கார்ந்தார்கள், மலை இடிந்து விழவில்லை.

முதல் செவ்வாயில் கனி பெஞ்சின் இந்தக் கடைசியில் உட்கார்ந்தாள், கண்ணாடியில் அவள் பிம்பம் அந்தக் கடைசியில். நடுவில் ஆறு பேர் உட்காரும் இடம். சிஸ்டர் சொன்னதெல்லாம் மூச்சு வருகிறது, போகிறது, அதைப் பாருங்கள் என்பதுதான். கால் தரையில் பட்டிருக்கிறது, அதைக் கவனியுங்கள் என்பதுதான். மனசில் எதாவது வந்தால் அடிக்காதீர்கள், அணைக்காதீர்கள், வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள் என்பதுதான். எனக்கு முதல் ரெண்டு வாரம் முதுகுவலி தவிர வேறொன்றும் தெரியவில்லை. ரெண்டாம் வாரம் கனிதான் திடீரென்று, “மனசுல நெனப்பு வர்றது மண்டியில லாரி வர்ற மாதிரி இருக்கு சிஸ்டர்,” என்றாள், அவளே மேலும் சொன்னாள், “வந்துக்கிட்டேதான் இருக்கும். வர்ற லோட எல்லாம் நாமளே எறக்கணும்னு இல்ல, என்ன.” சிஸ்டர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார், பக்கத்து ஊர் வகுப்பில் சொல்லலாமா என்று கனியிடம் அனுமதி கேட்டார். மதுரையில் படித்துவந்தவர் எலுமிச்சை பொறுக்குகிறவளிடம் அனுமதி கேட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் வாரம் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். பார்க்கும்போது மனசில் எழுகிற பேச்சைக் கேளுங்கள், விருப்பம் இருந்தால் சொல்லுங்கள் என்றார். மீரான் பாய், “என்னப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு,” என்றார். நான், “தபால் பை எங்கன்னு தேடுறேன்,” என்றேன். கனி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், கண்ணாடியில் இருந்தவள் ரெண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டர் அதைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை, எல்லோரையும் மறுபடி மூச்சுக்குக் கூட்டிப்போனார்.

இருந்தாலும் கனி பெஞ்சில் அந்த மூலையை நோக்கி நகர்ந்துகொண்டுதான் இருந்தாள். வாரத்துக்கு ஒரு ஆள் இடம். கண்ணாடியில் இருந்தவளின் தலை பென்சில் கோடுகளில் ஒவ்வொன்றாக மேலே ஏறியது, இசக்கிமுத்து ஏறிய கோடுகளை எச்சில் தொட்டு அழித்தார். என் காக்கிச் சட்டையில் மேல் பட்டன் ரெண்டு காணாமல் போயிருந்தது. இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஐந்தாம் செவ்வாய் கனி வரவில்லை. முந்தின நாள் பொன்னுத்தாய் போனில், புதுப் பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்தாயிற்று என்றிருக்கிறாள், தர்ஷினி போனை வாங்கிப் பேச மறுத்திருக்கிறாள், கனி போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சலூனில் கண்ணாடியில் இருந்தவள் பெஞ்சில் இல்லை, தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்திருந்தாள். நாங்கள் போய்க் கூட்டிவரலாம் என்று எழுந்தோம். சிஸ்டர் உட்காரச் சொன்னார்.

“இங்கயும் ஒருத்தி இருக்கா,” என்றார். “அவகூட இருப்போம்.”

எட்டு பேரும் பெஞ்சை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தோம், இசக்கிமுத்துவும் கதவோரத்தில் உட்கார்ந்தார், ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு மணி நேரம் அவளோடு சும்மா இருந்தோம். என் வாழ்க்கையில் நான் யாருக்காவது செய்த உபகாரங்களில் அதுதான் பெரியது என்று இப்போது தோன்றுகிறது. தங்கப்பாண்டி வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கனியின் கட்டிலோரம் நின்று, “எல்லாரும் ஒனக்காகத் தரையில உக்காந்திருந்தாவ. ஒண்ணும் செய்யல. சும்மாதான் இருந்தாவ,” என்றான். அவ்வளவுதான் சொன்னான். கனி அன்று சாயங்காலம் எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டாள், அடுத்த செவ்வாய் வந்து ரெண்டு ஆள் இடம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

எட்டாம் செவ்வாய் வைகாசி கடைசி. பள்ளிக்கூடம் திறக்க இரண்டே நாள். கனி நேராகப் போய் அந்த மூலையிலேயே உட்கார்ந்தாள், கண்ணாடியில் இருந்தவள் மேலேயே, அவள் இடத்தில். ஊரில் எல்லோரும் கண்ணாடியில் எப்படித் தெரிகிறார்களோ அப்படி அவளும் தெரிந்தாள், ஒரே வித்தியாசம், இவள் பச்சைச் சேலை, அவள் அரக்கு நைட்டி. வகுப்பு முடிந்து கனி எழுந்தாள், அவளும் எழுந்தாள். கனி கதவுக்கு நடந்தாள், அவளும் கண்ணாடியின் விளிம்பு வரைக்கும் நடந்து வந்து அங்கே நின்றுவிட்டாள், வெளியே எட்டிப் பார்த்தாள். வந்த வழி அவளுக்கு மறந்துபோயிருந்தது, அதற்கப்புறம் கால் வைக்கக் கண்ணாடி இல்லை.

மீரான் பாய்க்குத்தான் முதலில் புரிந்தது. ஓடிப்போய்த் துணிக்கடையில் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி ரெண்டு பையன்களோடு தூக்கிவந்து சலூன் வாசலில் நிறுத்தினார். இசக்கிமுத்து, பிடரி காட்டுகிற கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாத்திரக்கடை ராஜாமணி ஒரு வார்த்தை கேட்காமல் எவர்சில்வர் தாம்பாளங்களைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துக்கொண்டே போனார், பஜாரில் நின்ற பைக்குகளையெல்லாம் ஆட்கள் திருப்பி ஒன்றின் கண்ணாடி ஒன்றைப் பார்க்க நிறுத்தினார்கள், மண்டிப் பெண்கள் வீட்டிலிருந்து செம்பு, தட்டு, டிபன் கேரியர் மூடி என்று பளபளப்பதையெல்லாம் கொண்டுவந்து தெருவின் ரெண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வழியாக அவள் வந்தாள். தாம்பாளத்தில் அகலமாகி, செம்பில் ஒடுங்கி, டீக்கடைக் கண்ணாடி அலமாரியில் பன்களுக்கு நடுவே நடந்து, மினி பஸ்சின் ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தாள், பஸ் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். வாட்டர்டேங்க் தெருவில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லாமல் போய், பெண்கள் சிமெண்டு ரோட்டில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள், அந்த ஈரத்தில் கனியின் பாதத்தோடு பாதம் ஒட்டித் தலைகீழாக நடந்தாள். கனி வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தாள். யாரும் கூவவில்லை, கை தட்டவில்லை, வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. “பைய வா தாயீ, யாரும் வெரட்டல,” என்று இசக்கிமுத்து மட்டும் கைக்கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. புத்தி சொல்லிச் சொல்லியே ஒருத்தியைக் குனியவைத்த ஊர்தானே இது.

கனி வீட்டு வாசலில் கடைசிக் கண்ணாடி என் பைக்கினுடையது. அதற்கப்புறம் கதவு, கதவுக்குள் நேரே பீரோ. அந்த வாசற்படியில்தான் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பொன்னுத்தாய், கையில் டி.சி. விண்ணப்பம். ஊரில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தது, பிள்ளை தரையைப் பார்த்தது. என் பைக் கண்ணாடிக்குள் வந்த கனி அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே போகவில்லை.

“கனி, கையெழுத்துப் போட்டுரு,” என்றாள் பொன்னுத்தாய் மெதுவாக. “புள்ள பிடிவாதமா இருக்கு.”

“போடுதேன் மைனி,” என்றாள் கனி. பேனாவை வாங்கவில்லை. மகளுக்கு ஒரு கை தள்ளிப் படியில் உட்கார்ந்தாள். சிஸ்டர் தலையசைக்க, இசக்கிமுத்து கூட்டத்தைப் பார்த்து, “போங்கப்பா, அவனவன் சோலியப் பாருங்க,” என்று அனுப்பினார். நான் மட்டும் பைக்கை நகர்த்த முடியாமல் நின்றேன்.

கனி மகளைத் தொடவில்லை, கூப்பிடவில்லை, எதுவும் கேட்கவில்லை. சும்மா இருந்தாள். பொன்னுத்தாய் வாயெடுத்தபோது சிஸ்டர் அவள் கையை லேசாகத் தொட்டார். வெயில் படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போகும் அளவுக்கு நேரம் ஆனது.

“நாந்தான் வெரட்டுனேன்,” என்றாள் தர்ஷினி.

“யார?” என்றாள் கனி.

பிள்ளை நிமிராமல் மோவாயால் என் பைக்கைக் காட்டியது. “ஆண்டு விழாவுக்கு வாரேன்னு சொன்ன. நா பாடுறப்ப எல்லார் அம்மாவும் இருந்தாவ, நீ வரல. வீட்டுக்கு வந்து ஒன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கலன்னு சொன்னேன்லா. மறுநா கண்ணாடில நீ இல்ல.”

அப்போதுதான் எங்கள் அத்தனை பேர் கணக்கும் தப்பு என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்குப் பயம் இல்லை. மூன்று மாசமாக அந்தப் பதினோரு வயசு அதைச் சுமந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் சங்கரன்கோவிலுக்கும் கொண்டுபோய், திரும்பவும் கொண்டுவந்திருக்கிறது.

கனி சொன்னாள், “நீ ஒரே ஒரு நாளு சொன்ன. நா அதத்தான் ரெண்டு வருசமாத் தெனமும் அவகிட்டச் சொன்னேன். பல்லு வெளக்கையில சொல்லுவேன், தல சீவையில சொல்லுவேன். நீ சொன்னதுக்கு அவ போகலட்டி. நா சொன்னதுக்குத்தான் போனா.”

தர்ஷினி முதல்தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். “இப்பமும் சொல்லுவியா?”

“வாயி வரைக்கும் வரும். வந்தா, வந்திருக்குன்னு பாத்துக்கிட்டு இருப்பேன். சொல்ல மாட்டேன்.”

பிள்ளை அதை யோசித்தது. பொன்னுத்தாய் விண்ணப்பத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தர்ஷினி எழுந்து என் பைக்கின் முன்னால் வந்து நின்று கண்ணாடியைப் பார்த்தாள், தலை விரிந்து, கண்ணுக்குக் கீழே கருத்து, நைட்டியும் துண்டுமாக நின்றவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போய்க் கதவை ரெண்டு பக்கமும் முழுசாகத் திறந்து வைத்தாள்.

“உள்ள வாம்மா,” என்றாள்.

எந்தக் கனியைக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் போனார்கள், என் பைக் கண்ணாடியில் எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணி தெரிந்தது.